ஜித்தாவில் இறங்கிய பிறகு எந்த வாகனம்? உம்ரா செல்வோர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

எமது ஊர்களில் ஒட்டப்படும் உம்ரா விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம், ஹரமிலிருந்து எத்தனை மீற்றர், காலைச் சாப்பாடு உண்டா, கூட வரும் மௌலவி யார் என்பதெல்லாம் விபரமாக இருக்கும். அடியில் ஒரு மூலையில் 'போக்குவரத்து' என்று ஒரு சொல் இருக்கும். அவ்வளவுதான். விமானத்திலிருந்து இறங்கியது முதல் திரும்ப விமானம் ஏறும்வரை ஆயிரம் கிலோமீற்றருக்குக் கிட்டிய தரைப் பயணம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. எந்த வாகனம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், சாரதி எத்தனை மணித்தியாலம் தூங்காமல் வந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

நான் கேட்காமல் போனவன். சில வருடங்களுக்கு முன் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு குழுவுடன் சென்றேன். வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தமும் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி ஜித்தாவில் இறங்கினோம். எமக்கென்று சொல்லப்பட்ட பஸ் வண்டி வெளியே நின்றது, ஆனால் புறப்படவில்லை. வேறொரு விமானத்தில் வரும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டுதான் போகுமாம். ஒரு மணித்தியாலம் இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. "எவ்வளவு நேரம் மகன் இஞ்ச இருக்கிற?" என்று உம்மா கேட்டபோது பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இஹ்ராம் துணியோடு சீமெந்துக் கட்டில் குந்தியிருந்த வாப்பாவைப் பார்த்துவிட்டு, "மக்கா, மக்கா" என்று கூவிக்கொண்டு வந்த ஒருவரின் காரில் ஏறினோம். பேசிய விலை மூவருக்கும் சேர்த்து என்று நான் நினைத்தேன். தலைக்கு அவ்வளவு என்று அவர் நினைத்தார், அல்லது அப்படிச் சொன்னார். அதைவிட மோசமானது இடைவழியில் நடந்தது. நேரான, அகன்ற, வெளிச்சமான அந்தப் பெருந்தெருவில் கார் மெல்ல மெல்ல ஓரத்துக்குச் சாய்ந்தது. சாரதியின் தலை தொங்கியிருந்தது. நான் சத்தம் போட்டதில் அவர் விழித்துக்கொண்டார். வாப்பாவுக்கு இன்றுவரை அது தெரியாது, அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

இது எனக்கு மட்டும் நடந்த விடயமல்ல. 2019 ஒக்டோபர் 16 அன்று மதீனாவுக்கு அண்மையில், ஹிஜ்ரா பெருந்தெருவில், யாத்திரிகர்களின் பஸ் ஒன்று கனரக வாகனமொன்றுடன் மோதித் தீப்பற்றியதில் 35 பேர் உயிரிழந்தனர். 2023 மார்ச் 27 அன்று, ரமழானின் முதல் வாரத்தில், அஸீர் பிராந்தியத்தின் மலைப்பாதையில் உம்ராவுக்குச் சென்ற பஸ் பிரேக் செயலிழந்து பாலத்தில் மோதியது. அதிலும் 20 பேர் வரை இறந்தார்கள். 2025 நவம்பரில் மக்காவிலிருந்து மதீனாவுக்கு இரவில் சென்ற பஸ் ஒன்று எரிபொருள் பவுஸருடன் மோதியதில் இந்தியாவின் ஹைதராபாத் பகுதியைச் சேர்ந்த 45 பேர் பலியானார்கள். அவர்களில் ஒரே குடும்பத்தவர்கள் பலர். அந்தச் செய்தியை வாசித்த அன்று எம்மில் பலர் ஒரு கணம் எமது குழுக்களை நினைத்துக்கொண்டிருப்போம்.

சவூதியின் வீதிகள் கெட்டவை என்று யாரும் சொல்ல முடியாது. எமது அதிவேகப் பாதைகளை விட அகலமானவை, செப்பமானவை. ஆபத்து வேறெங்கோ இருக்கிறது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் சுமார் 450 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதை விடத் தூரம். வளைவோ ஊரோ கடையோ இல்லாத பாலைவனத்தில் மணிக்கு நூற்றுக்கு மேற்பட்ட வேகத்தில், ஒரே காட்சியைப் பார்த்தபடி ஓட்டும் சாரதிக்குத் தூக்கம்தான் எதிரி. பருவ காலத்தில் ஒரு குழுவை இறக்கிவிட்டு அடுத்த குழுவை ஏற்றிக்கொண்டு திரும்பும் சாரதிகள் இருக்கிறார்கள். அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் வந்து பழகிய எமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் அதிகாலை நேரத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே பார்த்தது.

ஆகவே எந்த வாகனம் மலிவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எமது குழுவில் ஆகப் பலவீனமானவருக்கு எந்த வாகனம் பொருந்தும் என்பதுதான். முழங்கால் வருத்தமுள்ள உம்மா, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய வாப்பா, கைக்குழந்தையோடு வரும் மருமகள். இவர்களில் ஒருவரை மனதில் வைத்துத் தெரிவு செய்தால் மற்றவர்களுக்கும் அது சரியாகிவிடும்.

முதலில் விமான நிலையம். ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் உள்ளன. புதிய முதலாம் முனையம், பழைய வடக்கு முனையம், ஹஜ் முனையம் என்று. இவை ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இல்லை. உங்கள் விமானம் எந்த முனையத்துக்கு வருகிறது என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காரணம், ஹரமைன் கடுகதி ரயிலின் விமான நிலைய நிலையம் முதலாம் முனையத்தோடு சேர்ந்திருக்கிறது. அங்கே இறங்குபவர் பொதிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளாலேயே ரயிலுக்குப் போகலாம். வேறு முனையத்தில் இறங்குபவர் முதலில் முதலாம் முனையத்துக்கு வாகனம் தேட வேண்டும்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எமது மக்களில் பலர் அப்படியொன்று இருப்பதையே அங்கே போன பிறகுதான் அறிகிறார்கள். 2018 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டு ஒக்டோபரில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. மக்கா, ஜித்தா நகர், ஜித்தா விமான நிலையம், றாபிக் அருகிலுள்ள மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகரம், மதீனா என்று ஐந்து நிலையங்கள். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம். விமான நிலையத்திலிருந்து மக்காவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. மக்காவிலிருந்து மதீனாவுக்கு, எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் மணித்தியாலம். பஸ்ஸில் இதே தூரம் ஐந்து ஆறு மணித்தியாலம் எடுக்கும். ரயிலுக்குள் கழிவறை உண்டு, நிலையங்களில் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்றுவது பஸ்ஸின் உயரமான படிகளில் ஏற்றுவதைப் போலல்ல. சீனி வருத்தக்காரருக்கு இந்தக் கழிவறை ஒன்றே போதும், ரயிலைத் தெரிவு செய்ய.

ஆனாலும் ரயில் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடாது. மக்கா நிலையம் றுஸைஃபா பகுதியில் இருக்கிறது, ஹரமிலிருந்து சில கிலோமீற்றர். மதீனா நிலையத்திலிருந்தும் மஸ்ஜிதுந் நபவிக்கு நடந்து போக முடியாது. இரண்டு பக்கமும் டாக்ஸிக்கோ பஸ்ஸுக்கோ தனியாக ஒதுக்க வேண்டும். பெரிய பெரிய பொதிகள் நான்கைந்து வைத்திருப்பவருக்கு ஏற்றி இறக்கி மாறுவது சிரமம். டிக்கெட்டை இலங்கையிலிருந்தே அதிகாரபூர்வ இணையத்தளத்திலோ செயலியிலோ கடவுச்சீட்டு இலக்கம் கொடுத்து வாங்கலாம். கட்டணம் நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும், பிந்தினால் கூடும். ரமழானின் கடைசிப் பத்தில் அன்றன்று போய் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விமானம் தாமதமானால் ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் இடையில் குறைந்தது மூன்று மணித்தியாலமாவது விட்டு வைப்பது நல்லது. குடிவரவு வரிசை சில நாட்களில் அரை மணித்தியாலத்தில் முடியும், சில நாட்களில் இரண்டு மணித்தியாலமும் போகும். நள்ளிரவு தாண்டி இறங்குபவர் நேர அட்டவணையைப் பார்த்து, உடனடியாக ரயில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திய பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.

மதீனாவுக்கு முதலில் சென்றுவிட்டு மக்காவுக்கு வருபவர்கள் மீக்காத் விடயத்தையும் வாகனத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். மதீனாவாசிகளின் மீக்காத்தான துல்ஹுலைஃபா, அதாவது அப்யார் அலி, ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட இருக்கிறது. குழுப் பஸ்கள் அங்கே நின்று, குளித்து, இஹ்ராம் அணிந்து, தொழுதுவிட்டுப் புறப்பட அவகாசம் கொடுக்கும். ரயில் அங்கே நிற்காது. ரயிலில் வருபவர் ஹோட்டலிலேயே குளித்து இஹ்ராம் உடுத்திக்கொண்டு வந்து, மீக்காத்தைக் கடக்குமுன் நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே அந்த எல்லை கடந்துவிடும் என்பதால் பொதிகளை அடுக்கிக்கொண்டு பராக்குப் பார்த்திருக்கக் கூடாது. அப்யார் அலிப் பள்ளிவாசலுக்குப் போயே ஆக வேண்டும் என்று விரும்புபவர், டாக்ஸியில் முதலில் அங்கே சென்றுவிட்டு நிலையத்துக்குத் திரும்பலாம், நேரம் இருந்தால். இதைப் புறப்படுமுன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு அதுதான் நடைமுறைச் சாத்தியம். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும், பொதிகள் அடியில் போகும், வழிகாட்டி கூடவே இருப்பார், மொழி தெரியாத வயோதிபர்களுக்கு அது பெரிய ஆறுதல். எனது வேண்டுகோள், பஸ்ஸுக்குச் சம்மதிக்குமுன் முகவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள் என்பதுதான். பஸ் எமது குழுவுக்கு மட்டுமா, வேறு விமானப் பயணிகளுக்கும் சேர்த்தா? விமானம் இறங்கி எத்தனை மணித்தியாலத்துக்குள் புறப்படும்? மக்கா, மதீனா பயணம் பகலிலா இரவிலா? எத்தனை இடத்தில் நிற்பாட்டுவார்கள்? இருக்கைப் பட்டி வேலை செய்கிறதா? எனக்குத் தெரிந்தவரை, இப்படி எழுத்தில் கேட்பவரை முகவர்கள் வித்தியாசமாகத்தான் கவனிக்கிறார்கள். முகவர் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெறாதவரிடம் பணம் கட்டிவிட்டுப் பின்னர் யாரிடமும் போய் முறையிட முடியாது.

சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்படும் பஸ்ஸையே நான் விரும்புவேன். இஷாவுக்குப் பிறகு புறப்படும் பஸ்ஸில் ஒரு ஹோட்டல் இரவு மிச்சமாகிறது என்பது முகவரின் கணக்கு. அந்தக் கணக்கில் சாரதியின் தூக்கம் சேரவில்லை. இரவில்தான் போக வேண்டுமென்றால் குழுவில் ஒருவர், அரபியோ ஹிந்துஸ்தானியோ நாலு வார்த்தை தெரிந்தவர், முன் இருக்கையில் விழித்திருக்கட்டும். "ஷுவைய ஷுவைய" என்றால் மெதுவாக, மெதுவாக. இந்த ஒரு சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலே போதும். சாரதி கொட்டாவி விடுகிறார் என்றால் அடுத்த எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி, தேநீர் வாங்கிக் கொடுத்து, இருபது நிமிடம் கண் அயரச் சொல்லுங்கள். கோபிக்க மாட்டார்கள். அவர்களும் பெரும்பாலும் எம்மைப் போல் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் எமது பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பரவாயில்லை, நீங்களே போட்டுவிடுங்கள்.

இனி டாக்ஸி. விமான நிலையத்தில் உத்தியோகபூர்வ டாக்ஸிகள் பச்சை நிறத்தில், அதற்கென ஒதுக்கிய வரிசையில் நிற்கும். வருகை மண்டபத்துக்குள்ளேயே வந்து கையைப் பிடித்து இழுப்பவர்கள் அந்த வரிசையைச் சேர்ந்தவர்களல்ல. இவர்களுக்கு அங்கே 'கத்தாத்' என்று பெயர், உரிமமில்லாமல் சொந்தக் காரில் ஆள் ஏற்றுபவர்கள். சவூதிப் போக்குவரத்து அதிகார சபை இவர்களுக்குக் கடும் அபராதம் விதித்து வருகிறது. எல்லோரும் கெட்டவர்கள் என்றில்லை, நல்ல மனிதர்களும் அதில் உண்டு. ஆனால் ஏதாவது நடந்தால் அந்த வாகனத்தை யார் ஓட்டினார், அதில் யார் இருந்தார் என்பதற்கு எங்கும் பதிவில்லை. வாப்பாவையும் உம்மாவையும் அப்படியொரு காரில் ஏற்றிய எனக்கு அது காலம் கடந்துதான் உறைத்தது.

விலை பேசும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'நஃபர்'. நாம் தமிழில் நபர் என்று சொல்கிறோமே, அதே சொல்தான், அரபியிலிருந்து எம்மிடம் வந்தது. சாரதி ஒரு தொகையைச் சொல்லி நஃபர் என்றால் அது தலைக்குரிய விலை. காருக்கு முழுவதுமாகப் பேசுவதென்றால் "குல்லு கம்?" என்று கேட்டு, விரலால் எல்லோரையும் சுற்றிக் காட்டி, தொகையைக் கையடக்கத் தொலைபேசியில் தட்டிக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். பொதிக்கு வேறாக உண்டா என்பதையும் அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் இதைத் தெரிந்திருந்தால் நடுத்தெருவில் நின்று வாதாட வேண்டி வந்திருக்காது.

எமது ஊரில் பிக்மீ பாவித்துப் பழகியவர்களுக்கு அங்கே ஊபர், கரீம் செயலிகள் கைகொடுக்கும். விலை முன்பே தெரியும், சாரதியின் பெயரும் இலக்கத் தகடும் தெரியும், பயண வழியை ஊரிலிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கலாம். மஹ்ரமின்றிக் குழுவாகச் செல்லும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெருவில் கைகாட்டி நிறுத்தும் காரை விட இது எவ்வளவோ மேல். ஏறுமுன் இலக்கத் தகட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சவூதித் தகடுகளில் எண்கள் மேலே அரபு வடிவிலும் கீழே நாம் பாவிக்கும் வடிவிலும் இருக்கும் என்பதால் அது கஷ்டமில்லை. "என் பெயரென்ன?" என்று சாரதியிடமே கேளுங்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சில சாரதிகள் செயலியில் ரத்துச் செய்துவிட்டுக் காசாகத் தாருங்கள் என்பார்கள். அப்படி ரத்துச் செய்தால் மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

இந்தச் செயலிகளை இலங்கையிலேயே இறக்கி, உங்கள் இலக்கத்தில் பதிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் புதிதாகப் பதிவு செய்ய முனைந்தால் உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி இலங்கை சிம்முக்கு வரும், அது பையின் அடியில் கிடக்கும். வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹோட்டலின் பெயரை அரபு எழுத்தில் படமாக வைத்திருங்கள், இணையம் இல்லாதபோதும் காட்டலாம். மக்காவில் ஒரே மாதிரிப் பெயருள்ள ஹோட்டல்கள் ஏராளம். ஆண்களுக்கு இன்னொன்று. இஹ்ராம் துணியில் சட்டைப்பை கிடையாது. தொலைபேசியும் கடவுச்சீட்டும் சில்லறை ரியாலும் வைக்க இடுப்புப் பட்டியொன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தபடி டாக்ஸியில் ஏறி, இருக்கையில் வைத்துவிட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீதியைக் கடப்பது பற்றியும் சொல்லத்தான் வேண்டும், சிறு விடயமாகத் தோன்றினாலும். சவூதியில் வாகனங்கள் வலப்பக்கமாகப் போகும். பிறந்தது முதல் முதலில் வலதுபுறம் பார்த்துப் பழகிய எமது கண், அங்கே வாகனம் வரும் திசைக்கு நேர்மாறாகப் பார்க்கும். முதல் இரண்டு நாட்கள் பெரியவர்களைத் தனியே வீதி கடக்க விடாதீர்கள். பஸ்ஸிலும் காரிலும் இறங்கும்போது வலது பக்கக் கதவால்தான் இறங்க வேண்டும். பழக்கத்தில் இடது கதவைத் திறந்தால் அது ஓடும் வாகனங்களின் பக்கம்.

மக்காவுக்குள் வந்த பிறகு வாகனத்தை விடப் பெரிய பிரச்சினை நேரம். தொழுகை நேரம் நெருங்கும்போது ஹரமைச் சுற்றியுள்ள வீதிகளைப் பொலிஸார் மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை முற்பகலில் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வந்து சேரும் டாக்ஸி உங்களைத் தூரத்திலேயே இறக்கிவிடும், பொதிகளோடு ஏற்றத்தில் நடக்க வேண்டி வரும். எனவே மக்காவுக்கு வந்து சேரும் நேரத்தை இரண்டு தொழுகைகளுக்கு நடுவில் அமைத்துக்கொள்ளுங்கள், ஜும்ஆ நாள் முற்பகலைத் தவிருங்கள். அஸீஸிய்யா போன்ற தூரத்துப் பகுதிகளில் ஹோட்டல் மலிவு என்பார்கள். ஹோட்டல் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, தஹஜ்ஜுத் நேரத்தில் ஓடுகிறதா என்று கேட்காமல் அந்த மலிவை நம்பாதீர்கள். தினமும் டாக்ஸிக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் சிலவேளை ஹரமுக்குப் பக்கத்து ஹோட்டலே இலாபமாக இருக்கும். 2022 முதல் மக்கா நகருக்குள் பொதுப் பஸ் சேவையும் நடக்கிறது, வழித்தடங்களை வரைபடத்தில் பார்க்கலாம். மினா, அரஃபா, முஸ்தலிஃபா பக்கம் உயரத்தில் தெரியும் ரயில் பாதையைப் பார்த்துவிட்டு அதில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2010 இல் தொடங்கிய அந்த மஷாயிர் ரயில் ஹஜ் நாட்களில் மட்டும்தான் ஓடும்.

ஹரமிலிருந்து வெளியே வரும்போது எந்த வாசலால் வருகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த வீதியில் வாகனம் கிடைக்கும் என்பது அமையும். மன்னர் அப்துல் அஸீஸ் வாசல் 1ஆம் இலக்கம், மன்னர் ஃபஹ்த் வாசல் 79ஆம் இலக்கம். குழுவில் எல்லோருக்கும் ஒரே வாசல் இலக்கத்தைச் சொல்லி வையுங்கள். தொலைபேசி மின்னேற்றம் முடிந்துபோன உம்மாவுக்கு அந்த இலக்கம்தான் முகவரி.

மதீனாவில் நிலைமை இலகு. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபாப் பள்ளிவாசலுக்குச் சுமார் மூன்றரை கிலோமீற்றர், இரண்டையும் இணைக்கும் நடைபாதை உண்டு. இயலுமானவர் நடக்கலாம், இயலாதவருக்குச் சிறிய மின்வண்டிகள் ஓடுகின்றன. ஸியாரத்துக்கு உஹுத், கிப்லதைன் என்று சுற்றிக் காட்டும் வான்காரர்களிடம் எங்கெங்கே, எவ்வளவு நேரம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மக்காவிலிருந்து தாயிஃப் போவோர் அதிகம். அது ஹதா மலையின் வளைந்து வளைந்து ஏறும் பாதை, எமது கடுகண்ணாவையை விடப் பல மடங்கு உயரம். அங்கே பழைய, ஆட்கள் நிறைந்த வானில், இரவில் இறங்க வேண்டாம். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறும் பாதை அது.

நவம்பர் முதல் ஜனவரி வரை ஜித்தாப் பக்கம் திடீர் மழை பெய்யும். எமக்கு மழை புதிதல்ல என்று நினைக்கலாம், ஆனால் அந்த மண் தண்ணீரை உறிஞ்சாது, சில மணித்தியாலங்களில் வீதி ஆறாகிவிடும். 2022 நவம்பர் 24 அன்று பெய்த மழையில் விமானங்கள் தாமதமாகின, மக்காவுக்கான பெருந்தெரு மூடப்பட்டது. அந்த மாதங்களில் போவோர், திரும்பும் நாளுக்கு முதல் நாள் வானிலைச் செய்தியைப் பார்க்க வேண்டும். மழை என்றால் வாகனத்தைச் சில மணித்தியாலம் முந்தி வரச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடும் வீதியைச் சாரதி கடக்க முனைந்தால் தடுத்துவிடுங்கள்.

மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும் வழிமுறை எமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. வாகன விடயத்தில் அதைச் செயற்படுத்துவது எவ்வளவு வசதி என்பது நெருக்கடியில்தான் புரியும். ஒருவர் விலை பேச, இன்னொருவர் வேறு காரைக் கூப்பிட, மூன்றாமவர் பொதிகளை இறக்க, சாரதிகளுக்கு அதுதான் வேட்டை. அமீர் ஒருவரே பேசட்டும். அவசர இலக்கங்கள் இரண்டை எல்லோர் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்: அம்பியூலன்ஸுக்கு 997, மக்கா, ஜித்தா பகுதிகளில் எந்த அவசரத்துக்கும் 911.

செலவு கூடுமே என்பார்கள். கூடும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் கொடுப்பதற்கென்று மேலதிகப் பொதிக்குக் கட்டும் காசையும், பள்ளிவாசலைச் சுற்றிய கடைகளில் தஸ்பீஹ், தொழுகை விரிப்பு என்று வாங்கிக் குவிக்கும் காசையும் எண்ணிப் பாருங்கள். நால்வருக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும்.

திரும்பும் நாளில் விமானத்துக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் மக்காவை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள், ரமழானில் இன்னும் முந்தி. தவாஃபை முடித்துவிட்டு அவசர அவசரமாகக் காரில் ஏறும் நிலை வந்தால் சாரதியை வேகமாக ஓட்டச் சொல்பவர் நாமாகத்தான் இருப்போம். ஸம்ஸம் போத்தலை விமான நிலையத்திலேயே வாங்கலாம், மக்காவிலிருந்து தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

இரண்டாவது முறை வாப்பா உம்மாவோடு போனபோது பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுத்தேன். முதலாம் முனையம். மதீனாவுக்கு ரயில். உம்மா யன்னலோரம் இருந்து மலைகளைப் பார்த்தபடி தஸ்பீஹ் ஓதிக்கொண்டு வந்தார். வாப்பா இரண்டு தடவை எழும்பிக் கழிவறைக்குப் போய் வந்தார், யாரிடமும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்காமல்.